கொடிக்கால் பச்சையை அழிக்க வேண்டாம்

கேள்வி:

ஐயா, எனக்கு வயது 26. ஊர் சோழவந்தான் பக்கம். மதுரையில் ஒரு கல்யாண போட்டோகிராபரிடம் இரண்டு வருடமாக உதவியாளராக இருக்கிறேன். சொந்தமாகக் கேனன் 1500டி கேமராவும் அதோடு வந்த 18-55 லென்ஸும் வைத்திருக்கிறேன். அப்பெர்ச்சர், ஷட்டர், ஐ.எஸ்.ஓ எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். ஆனால் படம் எடுக்கிற நேரத்தில் எல்லாம் குழம்பிவிடுகிறது. படத்தின் நிறத்தை ஒரே அழுத்தில் மாற்றும் ரெடிமேட் ப்ரீசெட்டைக் காசு கொடுத்து வாங்கிப் போட்டுப் பார்த்தேன். அதை விற்றவருடைய படம் மாதிரிதான் வருகிறது. போன மாதம் ஒரு சீனியர் என் படங்களைப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு, ஆனா யார் எடுத்ததுன்னு தெரியலையே" என்றார். அன்றிலிருந்து அதே நினைப்பாக இருக்கிறது. எனக்கென்று ஒரு பாணி எப்படி வரும்? பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமரா வாங்கினால் மாறுமா? தவணையில் வாங்கலாம் என்றால் அப்பா யோசிக்கிறார். அவருக்குக் கொடிக்கால்தான், அதாவது வெற்றிலைத் தோட்டம்தான், வருமானம். என்னுடைய நல்ல படங்கள் 18, எங்கே தப்பு செய்கிறேன் என்று நீங்கள் சொல்வதற்காகச் சொதப்பிய படங்கள் 2 அனுப்பியிருக்கிறேன்.

சோழவந்தான் வாசகர்

பதில்:

தம்பி,

கடிதம் வந்த அன்றே இருபது படங்களையும் கம்ப்யூட்டரில் பார்த்தேன். அது போதவில்லை. லேபில் கொடுத்து 4×6 அளவில் பிரிண்ட் போட்டு வாங்கி, வீட்டுக் கூடத்தில் தரையில் பரப்பி வைத்தேன். மூன்று நாள், போகும்போதும் வரும்போதும் பார்த்துக்கொண்டிருந்தேன். திரையில் ஒன்று போனால்தான் அடுத்தது வரும். தரையில் எல்லாம் ஒரே நேரத்தில் கண்ணில் படும். நீங்களும் இதைச் செய்ய வேண்டும். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்தப் பதினெட்டு. யானைமலைக்குப் பின்னால் எழும் சூரியன், வண்டியூர் தெப்பக்குளத்துத் தண்ணீரில் தலைகீழாகத் தெரியும் மைய மண்டபம், மொட்டை மாடியிலிருந்து மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்கள், மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டில் மல்லிகைக் குவியல், அலங்காநல்லூர் வாடிவாசலைத் தாண்டிப் பாயும் காளை, கறுப்பு வெள்ளையில் ஒரு பாட்டியின் முகம். எல்லாம் சுத்தமான வேலை. அடிவானம் சாயவில்லை, ஃபோகஸ் தப்பவில்லை. உங்கள் சீனியர் சொன்னதும் உண்மைதான். காரணத்தை அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன். இந்த இடங்களில் எங்கே நிற்பது, எத்தனை மணிக்குப் போவது, எதை நடுவில் வைப்பது என்பதையெல்லாம் உங்களுக்கு முன்னால் போனவர்கள் முடிவு செய்து வைத்துவிட்டார்கள். நீங்கள் போய் அவர்கள் நின்ற இடத்தில் நின்று ஒழுங்காக எடுத்து வந்திருக்கிறீர்கள். தெப்பக்குளத்தை நானும் அப்படித்தான் எடுத்தேன். கை பழக அது வேண்டும். ஆனால் அந்தப் படங்களில் நீங்கள் எடுத்த முடிவு என்று ஒன்றுகூட இல்லை.

அப்புறம் அந்தச் சொதப்பல்கள். மூன்றாவது நாள் மற்றதையெல்லாம் எடுத்து வைத்துவிட்டு இந்த இரண்டை மட்டும் மேசை மேல் வைத்துக்கொண்டேன்.

ஒன்றில் உங்கள் அப்பா கொடிக்காலுக்குள் நின்று வெற்றிலை கிள்ளுகிறார். பின்பக்கம், கொஞ்சம் சாய்வாக. முகமெல்லாம் பச்சை ஏறியிருக்கிறது, படம் ஆடியிருக்கிறது. "ஒயிட் பேலன்ஸ் தப்பு, ஷேக்" என்று, அதாவது நிறத் திருத்தம் தப்பு, கேமரா ஆடிவிட்டது என்று, அடியில் எழுதியிருக்கிறீர்கள். இன்னொன்று ஒரு கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டு ஹால் வாசல். பெண்ணின் அப்பா பந்தியைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். இரண்டு கையையும் பின்னால் கட்டி, தோள் துண்டைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருக்கிறார். படத்தின் குறுக்கே வரி வரியாகக் கோடு. "எல்.இ.டி கோடு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இரண்டிலும் யாரும் கேமராவைப் பார்க்கவில்லை. இரண்டிலும் நீங்கள் ஏழெட்டு அடி தள்ளி, பின்னால் ஒரு பக்கமாக நிற்கிறீர்கள். வெளிச்சம் அவர்களுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறது. இரண்டிலும் விஷயம் கையில்தான் இருக்கிறது. இதைக் கண்டதும் பதினெட்டு படங்களையும் திரும்ப எடுத்துத் தேடினேன். பூ மார்க்கெட் படத்தின் வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு ஒரு பெண்ணின் கை, தராசுத் தட்டைத் தாங்கியபடி. நீங்கள் மல்லிகைக்கு ஃபோகஸ் வைத்துவிட்டீர்கள். ஆனாலும் அந்தக் கை அசையாத நேரத்துக்குக் காத்திருந்துதான் அழுத்தியிருக்கிறீர்கள்.

நீங்கள் கையைப் பார்க்கிற ஆள், தம்பி. இது உங்களுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். யாரும் வகுப்பில் சொல்லித் தர முடியாதது இது. பாணி எங்கே என்று கேட்டீர்கள். உங்களிடம் அது இந்த இடத்தில் முளைத்திருக்கிறது. முளைத்த அது, தொழில்நுட்பம் போதாததால், ஆடியும் கோடு விழுந்தும் கிடக்கிறது. ஆகவே கேமராப் பாடத்தைப் பொதுவாகப் படிக்காதீர்கள். இந்த இரண்டு படங்களையும் சரியாக எடுக்க என்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் இப்போது படியுங்கள்.

நேரத்தில் குழம்புகிறது என்கிறீர்களே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். நான் 1980களின் கடைசியில் ஒரு ஸ்டுடியோவில் சேர்ந்தேன். கையில் பென்டாக்ஸ் கே1000. தனியாக எடுத்த மூன்றாவது கல்யாணம் அது. காலையில் வாசலில் வெயிலில் சீர்வரிசை வந்ததை எடுக்க ஷட்டரை 1/250 விநாடிக்கு ஏற்றினேன். உள்ளே வந்து ஃப்ளாஷ் மாட்டினேன். அந்தக் கேமராவில் ஃப்ளாஷ் போட்டால் 1/60-க்கு மேல் போகக் கூடாது. அதைவிட வேகமாக வைத்தால் ஷட்டர் திரை ஒரே நேரத்தில் முழுதாகத் திறக்காது. டயலைத் திருப்ப மறந்துவிட்டேன். தாலி கட்டிய நேரத்தில் எடுத்த அத்தனை ஃப்ரேமிலும் ஒரு ஓரத்தில் கொஞ்சம் படம், மீதி கறுப்பு. பிலிம் கழுவிய பிறகுதான் தெரிந்தது. அந்த வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். பெண்ணின் அம்மா திட்டவில்லை. "தாலி கட்டுனது கொஞ்சமாச்சும் தெரியுதாப்பா?" என்று மட்டும் கேட்டார். தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம், விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் உட்கார்ந்து, விரல் தானாக 60-ஐக் கண்டுபிடிக்கும்வரை அந்த டயலைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

உங்களுக்கும் அதுதான் வழி. லென்ஸ் எவ்வளவு திறக்கிறது (அப்பெர்ச்சர்), எவ்வளவு நேரம் வெளிச்சம் விழுகிறது (ஷட்டர்), அந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது (ஐ.எஸ்.ஓ), இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் யோசிக்காதீர்கள். கேமராவை எம் (மேனுவல்) மோடில் வையுங்கள். அப்பெர்ச்சர் எஃப் 5.6, ஷட்டர் 1/125. இரண்டையும் தொடாதீர்கள். ஐ.எஸ்.ஓ ஒன்றை மட்டும் மாற்றுங்கள். காலை எட்டு மணிக்குக் கொடிக்கால் நிழலில் ஐ.எஸ்.ஓ 1600 பக்கம் வரும், வெளியே திண்ணை நிழலில் 200, 400 வரும். புள்ளி புள்ளியாக வருமே என்று பயப்பட வேண்டாம். ஆடிய படத்தைவிடப் புள்ளி விழுந்த படம் எவ்வளவோ மேல். ஒரு வாரம், கேமராவை எடுக்கும் முன்பே "இங்கே எவ்வளவு வரும்" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு, பிறகு கேமராவின் வெளிச்ச மீட்டரைப் பாருங்கள். சுள்ளென்ற வெயிலுக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு: எஃப் 16 வைத்தால் ஷட்டர், ஐ.எஸ்.ஓ எண்ணுக்குச் சமம். ஐ.எஸ்.ஓ 100 என்றால் 1/100. பிலிம் காலத்தில் மீட்டர் பேட்டரி தீர்ந்தால் இதை வைத்துத்தான் சமாளித்தோம்.

உங்கள் அப்பா படம் 1/20-ல் எடுத்தது, ஃபைலிலேயே பதிந்திருக்கிறது. உங்கள் கேமரா சென்சார் சின்னது. ஆகவே லென்ஸின் மி.மீ எண்ணை 1.6-ஆல் பெருக்கி, அதற்குக் குறையாத ஷட்டர் வேண்டும். 35 மி.மீ என்றால் 1/60. லென்ஸில் ஆட்டம் தடுக்கும் வசதி இருக்கிறதே என்பீர்கள். அது உங்கள் கை ஆடுவதைத் தடுக்கும். அப்பா கிள்ளுவதை அது தடுக்காது. கிள்ளும் விரல் தெளிவாக வேண்டுமானால் 1/250. விரல் நுனி மட்டும் லேசாகக் கரைந்து, மணிக்கட்டு நிலையாக இருக்க வேண்டுமானால் 1/60. இரண்டையும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது உங்களுக்குப் பிடிக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன்.

பின்னணியை மங்கலாக்கும் பழக்கத்தைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் பெரும்பாலானவை லென்ஸை முழுக்கத் திறந்து எடுத்தவை. அந்தப் பாட்டி எந்த ஊர், எந்தத் திண்ணை, பின்னால் தொங்குவது கதிர் அரிவாளா துணிப்பையா, ஒன்றும் தெரியவில்லை. கொடிக்காலில் அகத்திமரத்தையும் அதில் வாழைநார் வைத்துக் கட்டிய கொடியையும் மங்கலாக்கிவிட்டால் வெறும் பச்சைத் துணிதான் மிஞ்சும். நம் ஊர் உங்கள் படத்தில் இருக்கட்டும்.

இப்போது அந்தப் பச்சை. இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும்.

நான் ஒரே ஒருமுறை உங்கள் பக்கத்துக் கொடிக்கால் ஒன்றுக்குள் போயிருக்கிறேன். செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே போனதும் முதலில் தெரிந்தது குளிர்ச்சி, இரண்டாவது அந்த வெளிச்சம். மேலே அகத்தி இலை, பக்கமெல்லாம் வெற்றிலை. வெயில் அந்த இலைகளுக்குள் புகுந்தும் அவற்றில் பட்டுத் திரும்பியும்தான் ஆள் மேல் விழுகிறது. ஆள் மேல் விழும் வெளிச்சமே பச்சை. வெள்ளை வேட்டியும் பச்சை, நரைத்த தாடியும் பச்சை. நம் கண் ஒரு நிமிடத்தில் பழகிக்கொள்ளும், கேமராவுக்கு அது வராது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் ஒவ்வொரு ஃப்ரேமிலும் வேறு வேறு மாதிரி திருத்தப் பார்க்கும். ஒன்று பச்சையாக, அடுத்தது லேசான ரோஸாக வரும். நீங்கள் தப்பு என்று நினைத்தது இந்தத் தடுமாற்றத்தை.

ஆட்டோவை விட்டுவிட்டு டேலைட்டில் வையுங்கள், கேமரா திருத்தாமல் அப்படியே பதியும் ரா ஃபைலில் எடுங்கள். அப்போது எல்லா ஃப்ரேமும் ஒரே மாதிரி பச்சையாக வரும். ஒரே மாதிரி வந்தால் ஒரே முறையில் திருத்தலாம். கம்ப்யூட்டரில் திருத்தும்போது நீலம்-மஞ்சள் பட்டையை நகர்த்திப் பிரயோஜனம் இல்லை. அதன் கீழே இருக்கும் டின்ட், அதாவது பச்சையிலிருந்து மெஜந்தாவுக்குப் போகும் பட்டைதான் உங்களுக்கு வேண்டியது. கொஞ்சம் கொஞ்சமாக மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ஓர் இடத்தில் அப்பாவின் தோல் தோலாகத் தெரிய ஆரம்பிக்கும். இன்னும் நகர்த்தினால் பச்சை முழுக்கப் போய்விடும். அங்கே போனதும் பாருங்கள், ஸ்டுடியோவில் பச்சைத் திரை முன்னால் அப்பாவை நிறுத்தியது போல ஆகிவிடும். அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு புள்ளியில், தோலும் தெரிந்து கொடிக்காலும் அவர் மேல் படிந்திருக்கும். அந்தப் புள்ளி எங்கே என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், அதை முப்பது நாற்பது படத்திலும் மாறாமல் காப்பாற்ற வேண்டும். சீனியர் கேட்ட "யார் எடுத்தது" என்பதற்குப் பதில் இந்த மாதிரி முடிவுகளிலிருந்துதான் வரும். இதை எந்த ப்ரீசெட்டும் தராது, ஏனென்றால் அதைச் செய்தவர் உங்கள் கொடிக்காலுக்குள் நின்றதில்லை. ஆறு மாதம் கழித்து நீங்களே ஒரே திருத்தத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதைக் கவனிப்பீர்கள். அதைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள், அது உங்கள் ப்ரீசெட்.

இலை இடுக்கில் விழும் வெயில் துண்டுகளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள நிழலைவிட அவை நாலைந்து ஸ்டாப் கூடுதல் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு). அப்பாவின் நெற்றியில் ஒன்று விழுந்தால் அங்கே வெள்ளையாகப் பொரிந்துவிடும். ஒரு மேகம் வரும்வரை நில்லுங்கள். இல்லையென்றால், அந்தத் துண்டு அவர் கைமேல் விழும் நேரம் பார்த்து, கைக்கு எக்ஸ்போஷர் வைத்து மற்றதை இருட்டில் விட்டுவிடுங்கள். வெற்றிலை மினுமினுப்பைக் குறைக்கப் போலரைசர் ஃபில்டர் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். நான் போட மாட்டேன். வெளிச்சமும் குறையும், தண்ணீர் பாய்ந்த இலையின் அந்தப் பளபளப்பும் போய்விடும்.

தோல் என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன், மனதில் கிடக்கிறது. கேமரா மீட்டர் எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். உங்கள் அலங்காநல்லூர் காளை கன்னங்கரேல் என்று இருந்திருக்கும்; படத்தில் சாம்பல் பூத்திருக்கிறது. மண்டபத்துப் படத்தில் வெள்ளை வேட்டியும் வெள்ளைச் சுவரும் அழுக்காகிவிட்டன. அந்தப் பெரியவரின் முகமோ இருண்டுவிட்டது. காளைக்கு ஒரு ஸ்டாப் குறைத்திருக்க வேண்டும், வெள்ளைச் சுவருக்கு ஒரு ஸ்டாப் கூட்டியிருக்க வேண்டும். முகத்துக்கு வெளிச்சம் சரியாகக் கிடைத்தால் கறுத்த தோலில்தான் எத்தனை நிறம் தெரிகிறது! கன்னத்தில் ஒரு செம்பு நிறம், நெற்றியில் வானத்தின் நீலம்கூட விழும்.

கலர் பிலிம் காலத்தில் கோடாக் நிறுவனம் லேப்களுக்கு ஓர் அட்டை அனுப்பும். ஷெர்லி அட்டை என்பார்கள். அதில் இருப்பது ஒரு வெள்ளைக்காரப் பெண். அவர் முகம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று அதை வைத்துத்தான் நிறத்தை ஒத்துப்பார்ப்பார்கள். நம் முகங்கள் அதில் அடிபட்டன. டிஜிட்டல் வந்த பிறகு அந்த அட்டை போய்விட்டது, ஆனால் நாமே அந்த வேலையைச் செய்கிறோம். நானும் செய்தேன். கேட்கிறார்களே என்று வருடக்கணக்கில் மணப்பெண்களின் முகத்தை வெளுத்துக் கொடுத்தேன். ஒருநாள், பத்து வருடத்துக்கு முன் நான் எடுத்த ஒரு மணப்பெண் தன் மகளோடு ஸ்டுடியோவுக்கு வந்தார். ஆல்பத்தைப் பார்த்துவிட்டு அந்தக் குழந்தை "இது யாரும்மா?" என்று கேட்டதாம். என்னைக் குறை சொல்ல அவர் சொல்லவில்லை, சும்மா பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அன்றோடு விட்டேன். சில வாடிக்கையாளர்கள் போனார்கள், போகட்டும். உங்கள் படத்தில் யார் முகத்தையும் வெளுக்காதீர்கள். இதை மட்டும் ஒரு பெரியவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக் கோடு சின்ன விஷயம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு விநாடிக்கு நூறு முறை கூடிக் குறையும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-ல் வைத்தால் பெரும்பாலான விளக்குகளில் கோடு போய்விடும். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்.இ.டி திரைக்கு மட்டும் இந்தக் கணக்கு ஒத்துவராது. அதற்கு வேறு வேறு ஷட்டர் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

வெளிச்சத்தைப் பற்றி நீங்கள் பார்த்த வீடியோக்களில் கோல்டன் ஹவர் என்று, அதாவது சூரியன் உதித்த பிறகும் மறையும் முன்பும் வரும் பொன் வெளிச்ச நேரத்தை, சொல்லியிருப்பார்கள். சூரியன் சாய்வாக, மெதுவாக ஏறும் நாடுகளில் உண்டான பாடம் அது. மதுரை நிலநடுக்கோட்டுக்குப் பத்து டிகிரி வடக்கில்தான் இருக்கிறது. இங்கே சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக எழும்பும். அந்தப் பொன் வெளிச்சம் அரை மணி நேரம்கூடத் தாங்காது. சித்திரை பிறந்த ஓரிரு நாளிலும், ஆவணியில் ஒருமுறையும் உச்சியில் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும். கண் குழியில் நிழல் விழும். அப்படியானால் நமக்கு மிச்சம் என்ன? நிழல். நம் ஊர் நிழல் மங்கல் நிழல் இல்லை. எதிர்ச் சுவரிலும் தெருப்புழுதியிலும் பட்டுத் திரும்பிய வெயிலால் நிறைந்த நிழல். இதை எனக்குக் கற்றுக் கொடுத்தது விளாச்சேரி. கொலுவுக்கு முன்னால் பொம்மைக்கு வண்ணம் தீட்டுகிறவர்களை எடுக்க வருடா வருடம் போவேன். முதல் இரண்டு வருடம் விடியற்காலையில் போய் ஓடி ஓடி எடுத்தேன், ஒன்றும் தேறவில்லை. அவர்கள் விடியற்காலையில் வேலையே செய்வதில்லை என்பது அப்புறம்தான் உறைத்தது. அவர்கள் திண்ணையில் உட்கார்ந்து வேலை செய்யும் பதினொரு மணிக்குப் போனேன். தெருவில் தீயாய் வெயில், திண்ணையில் அவர்கள் முகத்துக்குக் கீழிருந்து மேலாக ஒரு மென்மையான வெளிச்சம். என் நல்ல படங்களில் பாதி அந்தப் பதினொரு மணிக்கு எடுத்தவை.

கேமராவுக்கு வருவோம். ஃபுல் ஃப்ரேம் இப்போது வேண்டாம். அப்பா யோசிப்பது சரி. உங்கள் 1500டி 6000×4000 புள்ளியில் எடுக்கிறது. அங்குலத்துக்கு 300 புள்ளி என்று வைத்தாலும் 20×13 அங்குலம் பிரிண்ட் போடலாம். கல்யாண ஆல்பத்தின் பக்கமே 12×18 தானே. இருக்கும் லென்ஸை 35 மி.மீட்டரில் வைத்து, வளையத்தின் மேல் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். மூன்று மாதம் அதைப் பிரிக்கக் கூடாது. கிட்டே வேண்டுமா, நடந்து போங்கள். தள்ளி வேண்டுமா, பின்னால் வாருங்கள். சில நாளில் கேமரா கண்ணுக்கு வரும் முன்பே சட்டத்துக்குள் என்ன விழும் என்று தெரிய ஆரம்பிக்கும். கருவி கட்டிப்போடுவது நல்லதுதான். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி நம் மதுரையைப் படமெடுத்தார். விளக்குத்தூண், நாயக்கர் மகால், தெப்பக்குளம் எல்லாம் எடுத்திருக்கிறார். பெரிய மரப்பெட்டிக் கேமரா, காகித நெகட்டிவ். வெளிச்சம் பதிய நேரம் பிடிக்கும், நடமாடுகிற ஆள் பதிய மாட்டார். வானம் வெறும் வெள்ளையாகப் போய்விடும் என்பதால் நெகட்டிவ் மேல் கையால் மேகம் தீட்டினார். ஆளரவமற்ற அந்த மதுரையைப் பார்த்தால் இன்றும் இவர் படம் என்று தெரிகிறது. அந்தக் கருவி அனுமதித்த எல்லைக்குள் அவர் உருவாக்கிக்கொண்டது அது.

எங்கே போய் எடுப்பது என்று யோசிக்க வேண்டாம், கொடிக்காலுக்கே போங்கள். சொந்த வீடு, சொந்த மண் என்ற உருக்கத்தில் இதைச் சொல்லவில்லை. பஸ் செலவு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, இருநூறு முறை போகலாம். ஓர் இடத்துக்கு ஐந்து முறை போனால் எல்லாருக்கும் தெரிவதுதான் தெரியும். மதுரை ஜவஹர்லால்புரத்திலிருந்து வந்த புகைப்படக்காரர் எம். பழனிகுமார், தூய்மைப் பணியாளர்களின் வாழ்க்கையை வருடக்கணக்கில் விடாமல் எடுத்தவர். மீன் விற்கிற தன் தாயையும் எடுத்திருக்கிறார். அந்தப் படங்களைத் தேடிப் பாருங்கள். சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர் அறிந்த வெற்றிலை. அதைக் கிள்ளி, அடுக்கி, கவுளியாக (கட்டாக) கட்டுகிற கைகளை நின்று பார்த்த படம் என் கண்ணில் அதிகம் பட்டதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இருக்காது, உங்களுக்கு நேரம் இருக்கும். வாரத்துக்கு இரண்டு காலை போதும். எடுக்கிற அன்று அழிக்காதீர்கள். மாதக் கடைசியில் முப்பது பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்புங்கள். எது நன்றாக இருக்கிறது என்று பார்க்க வேண்டாம். எவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். நான் மூன்று நாளில் உங்கள் படங்களில் கையைக் கண்டது அப்படித்தான். எனக்குத் தெரியாத வேறு ஒன்றை நீங்கள் காண்பீர்கள்.

அப்பாவிடம் சொல்லிவிட்டு எடுங்கள். முதல் சில நாள் கேமராவுக்காக நிமிர்ந்து நிற்பார், வேட்டியைச் சரிசெய்வார். அதையும் எடுத்து பிரிண்ட் போட்டு அவர் கையில் கொடுங்கள். பத்தாவது நாள் நீங்கள் அங்கே இருப்பதையே மறந்துவிடுவார். அந்த மண்டபத்துப் பெரியவருக்கும் ஒரு பிரிண்ட் போய்ச் சேர வேண்டும். கோடு விழுந்திருந்தாலும் பரவாயில்லை. அவரிடம் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள்.

ஒரு சந்தேகம். கொடிக்கால் படத்தின் ஜேபெக் மட்டும்தான் அனுப்பியிருக்கிறீர்கள். ரா ஃபைல் இருந்தால் அனுப்புங்கள். அப்பாவின் இடது கை, கிள்ளிய வெற்றிலையைச் சேர்த்துப் பிடித்திருக்கும் கை, நிழலுக்குள் போயிருக்கிறது. அதை இன்னும் கொஞ்சம் வெளியே கொண்டுவர முடியும் என்று நினைக்கிறேன்.